குளியலறைச் சிங்கியைச் சுவரில் உறுதியாகப் பொருத்துதல்: தோட்டத்து மூத்தோருக்கான விளக்கம்



பால்மரம் சீவிய காலத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து பெரட்டுக்குப் போய் நின்றவர்கள் நீங்கள். வேலையை விட்டு இருபது வருடம் ஆனாலும் பலருக்கு உடம்பு இன்னும் அதே நேரத்துக்குத்தான் விழிக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுந்து, விளக்கைப் போடாமல், சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போகிறீர்கள். குனிந்து முகம் கழுவுகிறீர்கள். நிமிரும்போது தலை லேசாகச் சுற்றுகிறது. அப்போது கை தானாக எதைப் பிடிக்கும்? எதிரே இருக்கும் சிங்கியைத்தான்.

அந்த ஒரு நொடியில் சிங்கி சுவரோடு நிற்குமா, பிடுங்கிக்கொண்டு உங்களோடு சேர்ந்து விழுமா என்பதைப் பற்றியதுதான் இந்தக் கையேடு. சிங்கி பொருத்துவது கொத்தனார் வேலை, நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். துளை போடப் போவது உங்கள் மகனாகவோ மருமகனாகவோ பக்கத்து வீட்டுத் தம்பியாகவோ இருக்கலாம். எப்படிப் போட வேண்டும் என்று கேள்வி கேட்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

ஒரு சொல்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ‘கைகழுவும் தொட்டி’ என்று எழுதலாமா என்று யோசித்தோம். தமிழாகத்தான் இருக்கிறது; ஆனால் லாபுவிலும் ரந்தாவிலும் பாகாவிலும் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. தொட்டி என்றால் தண்ணீர் பிடித்து வைக்கும் சிமெண்டுத் தொட்டிதான் நினைவுக்கு வரும். ஆகவே இதில் சிங்கி என்றே எழுதியிருக்கிறோம்.

விழுவது சிறிய விஷயம் அல்ல

மலேசியச் சுகாதார அமைச்சு 2018இல் மூத்த குடிமக்களிடம் நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.1 விழுக்காட்டினர் அதற்கு முந்திய 12 மாதங்களில் ஒரு தடவையாவது விழுந்திருக்கிறார்கள். ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வரிசையில் ஏழு பெரியவர்களை எண்ணிப் பாருங்கள், அவர்களில் ஒருவர்.

விழுவதற்குக் காரணங்கள் பல. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், படுத்திருந்து எழும்போது தலைசுற்றலைக் கொண்டு வரும். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பிக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் அப்படித்தான். நீண்ட நாள் இனிப்புநீர் இருப்பவர்களுக்குப் பாதம் மரத்துப்போய், தரை ஈரமா காய்ந்ததா என்பதே தெரியாது. இவை எதற்காகவும் மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. தலை சுற்றுகிறது என்று கிளினிக்கில் சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்கள். காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டுப் பிறகு நில்லுங்கள்.

இந்தக் கையேட்டைத் தமிழில் எழுதுகிறவரின் வீட்டிலும் இது நடந்தது. ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாட்டி இருந்த வீட்டின் பின்புறக் குளியலறையில், மாமா ஒரு சிங்கி மாட்டிக் கொடுத்தார். ஆசையாகச் செய்ததுதான். சுவர்ப் பூச்சில் ஒரு அங்குல மரத்திருகாணி நான்கு. ஓரமெல்லாம் வெள்ளை சிலிக்கோன். பார்க்க அழகாக இருந்தது. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை பாட்டி அதன் முன்விளிம்பில் கை ஊன்றினார். சிங்கி பூச்சோடு பெயர்ந்து வந்து, தரையில் விழுந்து உடைந்து, பீங்கான் துண்டு முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள், புண்ணும் ஆறிவிட்டது. ஆறாதது பயம். அதற்குப் பிறகு பாட்டி தனியாகக் குளியலறைக்குப் போகவே மறுத்தார். நடை குறைந்தது. நடை குறைந்ததும் கால் பலம் குறைந்தது. மாமாவை யாரும் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அனுமதி

தோட்ட நிர்வாகத்தின் வீட்டில் இருப்பவர்கள், சுவரில் துளை போடுவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446ஆவது சட்டம், வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தருவதையும் கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்திருப்பதையும் முதலாளியின் பொறுப்பாக்கியிருக்கிறது. அனுமதி இல்லாமல் கட்டடத்தை மாற்றவோ நீட்டவோ விடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எனவே ஆடுகிற சிங்கியைச் சரி செய்யச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. புதிதாக மாட்டுவதற்கும் சொல்லிவிட்டுச் செய்வதே நல்லது. மகனோ மகளோ இன்னும் அங்கே வேலை செய்தால் அவர்கள் பெயரில் எழுத்து மூலம் கேட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் வீட்டுக்குச் சொந்தக்காரராகிவிட்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

உங்கள் சுவர் எது?

எல்லாம் இதில்தான் இருக்கிறது. நல்ல முறையில் சுட்ட பீங்கான் சிங்கி எளிதில் உடைவதில்லை; சுவர்தான் அதைக் கைவிடுகிறது.

லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், பொதுவான தண்ணீர்க் குழாய், தள்ளி ஒரு பொதுக் கழிப்பறை. குளியலறை வீட்டோடு சேர்ந்தது பிற்காலத்தில்தான். பல வீடுகளில் அதைப் பின்னால் இழுத்துக் கட்டினார்கள், கிடைத்த பொருளை வைத்து. அதனால் ஒரே வரிசையில் ஒரு வீட்டுக் குளியலறைச் சுவர் செங்கல்லாக இருக்கும். அடுத்த வீட்டில் பாதி கல், பாதி பலகையாக இருக்கும். பக்கத்து வீட்டில் மாட்டியது போலவே நம் வீட்டிலும் மாட்டினால் சரியாகிவிடாது.

விரல் மடக்கிச் சுவரைத் தட்டிப் பாருங்கள். கனமாக, சத்தமே எழாமல் இருந்தால் செங்கல். இடத்துக்கு இடம் சத்தம் மாறினால், உள்ளே ஓட்டையுள்ள சிமெண்டுக் கல்லாக இருக்கலாம். பெட்டியைத் தட்டியது போல இருந்தால் பலகை அல்லது தகடு. செங்கல் சுவரிலேயே ஓர் இடத்தில் மட்டும் ‘டொக் டொக்’ என்று கேட்டால், பூச்சு கல்லை விட்டு விலகியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் எதையும் மாட்டக் கூடாது.

செங்கல் சுவர்தான் சிங்கிக்கு ஏற்றது. நம் வீடுகளில் பெரும்பாலும் நாலரை அங்குலக் கனம். மேலே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் பூச்சு.

ஓட்டையுள்ள சிமெண்டுக் கல் ஏமாற்றும். துளை போடும்போது முதலில் கடினமாக இருந்து, திடீரென்று டிரில் உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். அங்கே சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. விரிந்து பிடிக்கும் இரும்பு போல்ட்டை இறுக்கினால் கல்லே விரிசல் விடலாம். சுவரின் மறுபக்கம் போக முடிந்தால், போல்ட்டை ஊடுருவ விட்டு மறுபக்கத்தில் இரும்புத் தகடு வைத்து நட்டு போடுவதுதான் நம்பகமான வழி.

பலகைச் சுவரில் பலகையை நம்பக் கூடாது. பலகைக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டங்களை நம்பலாம். இரண்டு சட்டங்களுக்குக் குறுக்காக, இரண்டு அங்குலக் கனமும் ஆறு அங்குல அகலமும் உள்ள நல்ல கட்டை ஒன்றை போல்ட்டு போட்டு இறுக்கி, அதில் சிங்கியை மாட்டலாம். கட்டை வாங்கும்போது கறையான் அரிக்காத மரமாகக் கேளுங்கள். சட்டத்தையும் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள், மாவு போல உள்ளே இறங்கினால் அந்தச் சட்டமும் போச்சு. எங்களைக் கேட்டால், பலகைச் சுவர் வீட்டுக்குச் சுவரில் தொங்கும் சிங்கியே வேண்டாம். தரையில் நான்கு காலில் நிற்கும் இரும்புச் சட்டத்தோடு விற்கும் சிங்கியை வாங்குங்கள். அழகு குறைவு, தூக்கம் நன்றாக வரும்.

இன்னொரு சுவர் இருக்கிறது, அதைத் தொடவே கூடாது. பழைய வீடுகளில் சுவருக்கும் மேல்தட்டுக்கும் சாம்பல் நிறத்தில் சிமெண்டுத் தகடு அடித்திருப்பார்கள். பழைய தகடுகளில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கலாம். அப்படியே விட்டால் பெரிய ஆபத்தில்லை. துளை போட்டாலோ அறுத்தாலோ அதன் தூசி நுரையீரலுக்குள் போய், பல வருடங்கள் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டு போகும். தகடு பழையதா புதியதா என்ற சந்தேகம் இருந்தால் துளை போடாதீர்கள்.

சிங்கி ஏன் பெயர்ந்து வருகிறது

பாட்டியின் சிங்கி பத்துக் கிலோகூட இருந்திருக்காது. திருகாணிகள் அந்த எடையை ஏழெட்டு மாதம் தாங்கின. பிறகு ஏன் பிடுங்கிக்கொண்டது?

கடப்பாரையால் கல்லை நெம்பியிருப்பீர்கள். கை இருக்கும் முனை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு பலம் மறுமுனையில் கிடைக்கும். சிங்கியும் சுவரில் செருகிய கடப்பாரைதான். அதன் முன்விளிம்பு சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போல்ட்டு இருக்கும் இடம், சிங்கியின் அடிப்பகுதி சுவரில் முட்டும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் முன்விளிம்பில் 30 கிலோ பாரத்தை ஊன்றினால், போல்ட்டுகளைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை அதைப் போல நான்கு மடங்கு, 120 கிலோ. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் தன் பாதிப் பாரத்தைத்தான் ஊன்றியிருக்கிறார். சுவருக்கு அது இரண்டு ஆள் தொங்குவது போல. ஒரு அங்குலத் திருகாணி பூச்சைத் தாண்டிச் செங்கல்லை ஒரு விரல் நகம் அளவுகூடத் தொட்டிருக்காது. பூச்சு மணலும் சிமெண்டும், உதிர்ந்துவிடும்.

ஆகவே துளையின் ஆழத்தைக் கணக்கிடும்போது பூச்சைச் சேர்க்காதீர்கள். செங்கல்லுக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்பதுதான் கணக்கு.

உயரம்

விளிம்பு தரையிலிருந்து 80 முதல் 85 சென்டிமீட்டரில் இருப்பது பெரும்பாலோருக்குச் சரியாக வரும். ஆனால் அளவுநாடாவை விட உங்கள் முதுகை நம்புங்கள். சிங்கி இருக்கப்போகும் இடத்தில் செருப்போடு நின்று, முகம் கழுவுவது போலக் குனியுங்கள். இடுப்பு வலிக்காத உயரத்தில் ஒருவர் பென்சிலால் கோடு போடட்டும். நாற்காலியில் உட்கார்ந்து கழுவுகிறவர்களுக்கு முழங்கால் அடியில் நுழைய இடம் வேண்டும். அவர்களுக்குக் கால்தூண் வைத்த சிங்கி இடைஞ்சலாக இருக்கும்.

கதவைத் திறந்தால் சிங்கியில் இடிக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். பல குளியலறைகள் ஒரு ஆள் திரும்பும் அகலம்தான். பெரிய சிங்கி அழகு என்று வாங்கி, அதைச் சுற்றி வளைந்து நடக்க வேண்டி வந்தால், விழுவதற்கு நாமே வழி செய்ததாகும்.

செங்கல் சுவரில் மாட்டும் முறை

கடையில் சிங்கி போல்ட்டு என்று கேட்டால் ஒரு ஜோடி தருவார்கள். ஒரு பாதி மரத்திருகாணி போலவும் மறுபாதி நட்டு ஏறும் மரை போலவும் இருக்கும். 10 மில்லிமீட்டர் பருமனுள்ளதையும் அதற்குரிய பிளக்கையும் வாங்குங்கள். குளியலறையில் ஈரம் எப்போதும் இருப்பதால் துருப்பிடிக்காத எஃகு நல்லது. நாலைந்து ரிங்கிட்டை இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சிங்கியோடு பெட்டியில் இலவசமாக வந்த குட்டித் திருகாணிகளையும் நம்ப வேண்டாம்.

சிங்கியைக் கோட்டில் பிடித்து, ரசமட்டம் வைத்து, துளை வரும் இடத்தைக் குறிக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். பிடிக்கிறவர் நீங்களாக இருக்க வேண்டாம். சுவிட்சுக்கு நேர் மேலோ நேர் கீழோ துளை போடக் கூடாது, கம்பி அந்த வழியாகத்தான் இறங்கும். தண்ணீர்க் குழாய் சுவருக்குள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவரில் ஓடு பதித்திருந்தால் குறித்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் மெதுவாகத் துளை போட வேண்டும். ஓட்டைத் தாண்டும்வரை டிரிலின் சுத்தியல் அடியைப் போடக் கூடாது, ஓடு தெறித்துவிடும். ஓட்டைத் தாண்டிய பிறகு போடலாம். துளை பிளக்கை விட ஒரு சென்டிமீட்டர் ஆழமாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள் என்று சொல்வது சிரிப்பாக இருக்கலாம்; சிமெண்டுத் தூள் கண்ணில் விழுந்து கிளினிக்குக்கு வந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

வெளியே வரும் தூளின் நிறத்தைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறம், அது பூச்சு. பிறகு சிவப்பு, அது செங்கல். கடைசிவரை சாம்பலாகவே வந்தால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சாந்தில் துளை போயிருக்கிறது, அல்லது அது செங்கல் சுவரே இல்லை. அங்கே பிளக் இறுகாது. இடத்தை மாற்ற வேண்டும்.

பிளக் சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். விரலால் தள்ளினாலே போய்விட்டால் துளை பெரிதாகிவிட்டது. தீக்குச்சியையும் துணியையும் திணித்துச் சரிக்கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். காலண்டர் மாட்ட அது போதும், சிங்கிக்குப் போதாது. போல்ட்டைத் திருக, மரையில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிவிட்டு வெளியே உள்ள நட்டைச் சாவியால் திருப்புங்கள். போல்ட்டு உள்ளே ஏறும். கடைசி சில சுற்றுகள் கைக்குக் கடினமாக இருக்க வேண்டும். எளிதாகச் சுற்றிக்கொண்டே போனால் பிடிக்கவில்லை என்று பொருள்.

சிங்கியைப் போல்ட்டில் ஏற்றிய பிறகு, பீங்கானுக்கும் நட்டுக்கும் இடையில் பிளாஸ்டிக் வாஷர் கட்டாயம் இருக்க வேண்டும். இரும்பு நேராகப் பீங்கானைத் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அது பல மாதம் கழித்து வேலையைக் காட்டும். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஆட்டம் நின்றதும் கால் சுற்று, அதோடு விட்டுவிட வேண்டும். பலசாலிப் பிள்ளைகளுக்கு இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

சிலிக்கோன் கடைசியில்தான். சிங்கிக்குப் பின்னால் தண்ணீர் இறங்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. தாங்குவது அதன் வேலை இல்லை. பீங்கான் கால்தூணும் அப்படியே. அது கீழிருந்து கொஞ்சம் முட்டுக்கொடுக்கும், குழாயை மறைக்கும். அது இருக்கிறது என்பதற்காகச் சுவர் போல்ட்டை விட்டுவிட்டால், சிங்கி ஒரு பக்கமும் தூண் ஒரு பக்கமுமாகச் சாயும்.

தண்ணீர் போகும் வழி

சிங்கிக்கு அடியில் குப்பி போலத் தொங்கும் பகுதியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே ஏறாமல் அந்தத் தண்ணீர்தான் மறிக்கிறது. சில வீடுகளில் அதை விட்டுவிட்டு ஒரு குழாயை நேராக லோங்காங்கில் இறக்கியிருப்பார்கள். நாற்றம் வருகிறது என்று பிறகு துணியை அடைப்பார்கள். இன்னும் சில வீடுகளில் குழாயே இருக்காது, கீழே ஒரு வாளி. அந்த வாளியில் நிற்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். தளும்பி வழிந்தால் உங்கள் காலுக்குச் சறுக்கல். வாளிதான் இருக்கிறது என்றால் தினமும் கொட்டிக் கழுவுங்கள். சீக்கிரம் குழாய் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வரும் பக்கத்தில் சிங்கிக்கு அடியில் ஒரு தனிப் பூட்டுக்குழாய் இருக்கட்டும். வயதான கைக்கு உருண்டைத் திருகு கஷ்டம். ஈரக் கையால் தள்ளினாலே திறக்கும் நீளப் பிடியுள்ள குழாய் நல்லது.

வேலை முடிந்ததும் சிங்கியை நிறையப் பிடித்து, ஒரேயடியாகத் திறந்துவிட்டு, அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். தாள் கால் மணி நேரம் கழித்தும் காய்ந்தே இருந்தால் ஒழுகல் இல்லை.

ஏற்கெனவே மாட்டியிருக்கும் சிங்கி

புதிதாக மாட்டுகிறவர்களை விட, பத்துப் பதினைந்து வருடமாகச் சிங்கி வைத்திருப்பவர்களே அதிகம். கோவிட் வந்த 2020இல் வாசலிலும் கோயிலிலும் அவசர அவசரமாக மாட்டியவையும் இருக்கின்றன. மாதம் ஒரு தடவை, முதல் தேதியோ மருந்து எடுக்கப் போகும் நாளோ, ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொண்டு பாருங்கள். விளிம்பை இரு கையாலும் பிடித்து மெல்ல மேலும் கீழும் அசையுங்கள்; சாயாதீர்கள். அசைவு தெரிகிறதா? சிங்கிக்கும் சுவருக்கும் நடுவில் முன்பு இல்லாத இடைவெளி வந்திருக்கிறதா, அதில் ஒரு தாள் நுழைகிறதா? போல்ட்டு இருக்கும் இடத்திலிருந்து பழுப்பு நிறத்தில் துரு வழிந்திருக்கிறதா? பீங்கானில் தலைமுடி போல ஒரு கோடு இருக்கிறதா? தரையை விடச் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கிறதா?

இவற்றில் ஒன்று இருந்தாலும், சரிசெய்யும்வரை அந்தச் சிங்கியில் கை வைக்காதீர்கள். விரிசல் விழுந்த சிங்கியை ஒட்டிப் பயன்படுத்த முடியாது; மாற்றத்தான் வேண்டும். பேரப்பிள்ளைகள் ஏறி உட்காரும் இடமும் அதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

பிடிப்பதற்குத் தனிக் கம்பி

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த சிங்கியும் கைப்பிடி ஆகிவிடாது. அதன் விளிம்பு அகலமானது, வழவழப்பானது, சோப்பு பட்டது. விழுகிற வேகத்தில் விரல்கள் அதைச் சுற்றிப் பிடிக்க முடியாது. சிங்கிக்குப் பக்கத்தில் ஒன்று, கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில் ஒன்று என எஃகுக் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். 3 முதல் 4 சென்டிமீட்டர் பருமன் கைக்கு அடக்கமாக இருக்கும். கம்பிக்கும் சுவருக்கும் இடையே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் இருந்தால் விரல் நுழையும், கை சிக்கிக்கொள்ளாது. இரண்டு முனையிலும் மூன்று மூன்று திருகாணி. மேலே சொன்ன அதே விதி, பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள். டிரில் வாடகைக்கு எடுத்து வந்த அன்றே இதையும் முடித்துவிடலாம்.

துண்டு காயப் போடும் கம்பி இதற்கு ஆகாது. ரப்பர் கிண்ணம் உறிஞ்சிப் பிடிக்கும் கைப்பிடிகளும் கடைகளில் கிடைக்கின்றன, துளை போட வேண்டாம் என்பார்கள். கரடுமுரடான சுவரிலும் ஓட்டின் இணைப்பிலும் அவை எப்போது கழன்றுகொள்ளும் என்று சொல்ல முடியாது. நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இரவில் எரியும் சின்ன விளக்கு ஒன்றும், தரையில் வழுக்காத விரிப்பும் கூடவே இருக்கட்டும்.

உடைந்து விழுந்துவிட்டால்

பீங்கான் உடைந்த ஓரம் கத்தியை விடக் கூர்மையானது. எழுந்து ஓடப் பார்க்காதீர்கள். வெறுங்காலோடு ஒரு அடிகூட வைக்காதீர்கள். இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுங்கள். வெட்டுப்பட்டிருந்தால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். காயத்துக்குள் துண்டு குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். அதன் மேல் அழுத்தாமல், இரு பக்கமும் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் பீறிட்டாலோ, தலையில் அடிபட்டாலோ, இடுப்பை அசைக்க முடியாவிட்டாலோ 999ஐ அழைக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், தலையில் சின்ன அடி பட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வருகிறவர்களிடம் அந்த மாத்திரையைக் காட்டுங்கள். தோட்டம், டிவிஷன், வீட்டு எண், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளி, இவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் பேரப்பிள்ளை அதைப் பார்த்துப் படித்துச் சொல்லிவிடலாம்.

குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தால் வீட்டுக்கு வெளியே மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டை மூட வேண்டும். அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை வீட்டில் உள்ள எல்லோரையும் ஒரு தடவை அழைத்துக் கொண்டு போய்க் காட்டி வையுங்கள்.